கிருபையும் கிரியையும்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரட்சிப்பு நம் கிரியைகளினால், அதாவது நம் செயல்களால், அல்ல, தகுதி பாராமல் தேவன் காட்டும் கிருபையினால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் காலை ஜெபம் தவறிய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "நான் ஜெபிக்காததால்தான்" என்று மனம் உறுத்துகிறது. இந்த எண்ணம் சரியா?

பதில்: சரியல்ல, சகோதரி. ஆனால் இது உங்கள் ஒருவருடைய போராட்டம் அன்று. கலாத்தியா நாட்டுச் சபைகள் முழுவதும் இதே இடத்தில்தான் தடுமாறின. அவர்கள் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. விசுவாசித்ததோடு விருத்தசேதனமும் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) வேண்டும் என்று சிலர் வந்து போதித்ததை நம்பி, "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும்" அனுசரிக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் பவுல் கேட்ட கேள்வி இது: "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" உள்ளே வரும்போது இலவசம், வந்த பிறகு அன்றாடம் கூலி என்கிற ஏற்பாட்டை அவர் அறவே ஏற்கவில்லை. ரோமர் 4-ஆம் அதிகாரத்திலும் இதையே கணக்குப் பார்த்துச் சொல்கிறார்: வேலை செய்தவனுக்குக் கிடைப்பது கூலி, அது கொடுக்கப்பட வேண்டிய கடன், கிருபையோ கடன் அன்று. உங்கள் காலை ஜெபத்தைத் தேவன் உங்களுக்குக் கடன்படுகிற ஒரு வேலையாக நினைத்தால், அது தவறிய நாளில் தண்டனையை எதிர்பார்க்கத்தான் தோன்றும். ஜெபியுங்கள், நிச்சயமாக ஜெபியுங்கள். ஆனால் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும் வழியிலும் தகப்பனோடு பேசலாம் என்ற சுதந்திரத்தோடு ஜெபியுங்கள்.

கேள்வி: விடுதியில் நண்பன் ஒருவன் யாக்கோபு 2:24-ஐக் காட்டி, "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான்" என்று எழுதியிருக்கிறதே என்கிறான். பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?

பதில்: தம்பி, இருவருமே ஆபிரகாமைச் சாட்சியாக அழைக்கிறார்கள், ஆகவே ஆதியாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆபிரகாமின் வயதைக் கவனித்தபடி வாசியுங்கள். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்ற வசனம் 15-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86 வயது. அது 16-ஆம் அதிகாரம். விருத்தசேதனம் பெற்றபோது 99 வயது. அது 17-ஆம் அதிகாரம். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் இடையே குறைந்தது 13 ஆண்டுகள் இருக்கின்றன. பவுலின் வாதம் முழுவதும் இந்த இடைவெளியின்மேல்தான் நிற்கிறது. யாக்கோபு சுட்டுவதோ 22-ஆம் அதிகாரத்தை. ஆபிரகாமின் மகன் ஈசாக்கு விறகு சுமக்கும் பிள்ளையாக வளர்ந்த பின்னர், மோரியா மலையில் அவனைப் பலியிடத் தகப்பன் முன்வந்ததை. அதைச் சொல்லிவிட்டு அவரே 15-ஆம் அதிகார வசனத்தை மேற்கோள் காட்டி, அந்த வேதவாக்கியம் "நிறைவேறிற்று" என்கிறார். அதாவது, முன்னரே எண்ணப்பட்ட நீதி மலையின்மேல் வெளிப்பட்டது.

அவர்கள் எதிர்த்து நிற்கும் ஆட்களும் வேறு. தன் செய்கையைத் தேவனுக்கு முன்பாகக் காட்டிப் பெருமை பேசுகிறவனுக்குப் பவுல் பதில் சொல்கிறார். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் வாழ்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புகிறவனை யாக்கோபு கேள்வி கேட்கிறார். அந்த இரண்டாவது மனிதனிடம் இருப்பது விசுவாசமே அல்ல என்பதில் பவுலுக்கும் ஐயமில்லை. "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியருக்கு எழுதியவர் அவர்தான். 1522-இல் சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு எழுதியது மிகையான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் எப்படியும் வாழலாம் என்று ஆகிவிடாதா?

பதில்: பவுலிடமே இதைக் கேட்டார்கள், ரோமர் 6-ஆம் அதிகாரம் அதற்கு "கூடாதே" என்று பதில் சொல்கிறது. தீத்து 2:11, 12-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிப்பது கிருபைதான் என்று அங்கே எழுதியிருக்கிறது.

கேள்வி: நான் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபை நற்செயல்களால் மீட்பு என்று போதிப்பதாக என் நண்பர் அடிக்கடி சொல்கிறார். அது உண்மையா?

பதில்: ஐயா, அப்படிச் சொல்வது உங்கள் திருச்சபைக்கு இழைக்கும் அநீதி. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் இறையருள் இல்லாமல் மனிதர் தம் சொந்தச் செயல்களால் கடவுள் முன் நீதிமான்களாக முடியும் என்போரைக் கண்டிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதி எதையும் முன்னிட்டு அல்லாமல், அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. விசுவாசம் "மட்டுமே" என்று சொல்வதிலும், நற்செயல்களுக்குரிய பலன் பற்றிய போதனையிலும் இன்னும் இடைவெளி உண்டு; லூத்தரன் சபைகளுள் சில அந்த அறிக்கையை ஏற்கவும் இல்லை. நான் சீர்திருத்தச் சபை மரபில் நிற்கிறவன். ஆயினும் உங்கள் நண்பரின் குற்றச்சாட்டை என்னால் ஆமோதிக்க முடியாது.

கேள்வி: இந்த உபதேசம் தனிமனிதரின் ஆத்துமாவைப் பற்றியது மட்டுந்தானா? சபையின் நடைமுறையில் இதற்கு இடம் உண்டா?

பதில்: கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் இந்த உபதேசம் பேசப்படும் சூழலே ஒரு சாப்பாட்டுப் பந்திதான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பயந்து விலகிக்கொண்டார், பர்னபாவும் இழுப்புண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்ட வார்த்தைகளைத் தொடர்ந்துதான், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற வாக்கியம் வருகிறது. ஒரே கிருபையால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் தனித்தனிப் பந்தியில் உட்கார முடியாது என்பதே அங்கே வழக்கு. தமிழ்ச் சபைகள் இந்த அதிகாரத்தைத் தலைகுனிந்து வாசிக்க வேண்டியவை. லூத்தரின் உபதேசத்தைக் கொண்டுவந்த தரங்கம்பாடி மிஷன் வழியாக எழும்பிய சபைகளிலேயே சாதிவாரியாக இருக்கைகள் இருந்தன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் அந்த வேறுபாட்டைக் கைவிடும்படி ஆணையிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். பிறப்பை முன்னிட்டு முன்னிருக்கை கேட்கிறவர், தேவனுக்கு முன்பாகவும் ஒரு தகுதியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

கேள்வி: என் தாயார் புற்றுநோயால் படுத்திருக்கிறார்கள். ஜெபிக்க வந்த ஒருவர், "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

பதில்: சகோதரரே, உங்கள் தாயாருக்குச் செய்யப்பட்டது பெருந்தீங்கு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ன அளவு விசுவாசம் சேர்ந்தால்தான் தேவன் இரங்குவார் என்றால், விசுவாசமும் ஒரு கிரியையாகிவிடுகிறது. அதுவும் படுக்கையில் கிடப்பவரால் செய்யவே இயலாத கிரியை. பசித்தவர் நீட்டும் கை நடுங்கினாலும் அதில் வைக்கப்படும் சோறு சோறுதான். விசுவாசம் அந்தக் கை; அதன் வலிமைக்காக யாரும் சோறு போடுவதில்லை. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான். அவனுடைய விசுவாசம் பாதி என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கிக் கொடுத்தார்.

சுகம் வராமற்போனவர்களும் வேதத்தில் இருக்கிறார்கள். தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்; எந்தக் குறையும் சொல்லவில்லை. தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காகப் பவுலே மூன்றுதரம் வேண்டிக்கொண்டபோது கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. இன்று மாலை அந்த 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தை அம்மாவின் அருகில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். மருந்தையும் சிகிச்சையையும் நிறுத்தச் சொல்லி யாராவது வந்தால், வாசலிலேயே மறுத்துவிடுங்கள். அப்படி மறுப்பது அவிசுவாசம் அன்று.

கேள்வி: மகளின் திருமணம் கைகூடினால் சபைக்கு ஒரு பெருந்தொகை தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்யலாமா?

பதில்: நன்றியாகக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், விலையாகக் கொடுக்காதீர்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்க வேண்டி, பத்துத் தாலந்து வெள்ளியும், ஆறாயிரம் சேக்கல் பொன்னும், பத்து மாற்று வஸ்திரங்களும் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். சுகமான பிறகு எவ்வளவோ வருந்திக் கேட்டும் எலிசா ஒன்றையும் வாங்கவில்லை. அவர் வேலைக்காரன் கேயாசிதான் பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கினான். நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. வாங்கினவனுக்கு வந்த நியாயத்தீர்ப்பைக் கவனியுங்கள்; பொருத்தனைப் பணத்தைத் தூண்டிக் கேட்கும் ஊழியர்களும் அதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: இதை ஒழுங்காகப் படிக்க எங்கே தொடங்குவது?

பதில்: கலாத்தியர் நிருபத்தில் தொடங்குங்கள், ஆறே அதிகாரம், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அடுத்து ரோமர் 3 முதல் 6 வரை வாசித்து, அதன்பின் யாக்கோபுக்கு வாருங்கள். லூக்கா 18-இல் ஆலயத்தில் ஜெபித்த ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) உவமையை இடையிடையே திரும்பிப் பாருங்கள்.