லிப்டுக்கு அட்டை ரீடர் பூட்டி வீட்டு மாடியை மட்டும் மறிக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் லிப்டைப் பராமரிக்கிற நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் நிற்காமல் ஒரு வயரையும் வெட்ட விடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கமெரா, அட்டைப் பூட்டு வேலைகள் செய்து வருகிறவன் நான். நான்கு மாடி, கீழே கடைகள், மேலே வீடு, அட்டை காட்டினால்தான் லிப்ட் வீட்டு மாடிக்குப் போக வேண்டும், இதைச் சாதாரண மின்வேலைக்காரரே செய்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பின் தெரியாதவர்கள் ஏறி வந்து கதவைத் தட்டுகிறார்கள் போலிருக்கிறது. இதே தொல்லைக்காகத்தான் என்னையும் ஒருவர் அழைத்தார்.

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு கட்டடம். நிலத்தளத்தில் மருந்துக் கடை, முதலாம் மாடியில் இரத்தப் பரிசோதனை நிலையம், அதற்கு மேல் மாணவர்களுக்கான வகுப்புகள், மேல்மாடியில் உரிமையாளரின் தாயார். உரிமையாளர் கனடாவில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பிலேயே வேலையை நடத்தினார். எனக்கு முன்னர் கொழும்பிலிருந்து வந்து பார்த்த ஒருவர், ரீடரை நிலத்தளத்தில் லிப்டை அழைக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் பூட்டினால் போதும், அட்டை இல்லாதவர் லிப்டையே கூப்பிட முடியாது, செலவும் குறைவு என்று விலை கொடுத்திருந்தார். உரிமையாளருக்கு அது பிடித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. சக்கர நாற்காலியில் இரத்தம் கொடுக்க வருகிற நோயாளி அட்டைக்கு எங்கே போவார்?

“அண்ணை, மறிக்க வேண்டியது ஒரேயொரு மாடி. அதற்காக நோயாளிகளைப் படியேற வைக்கக் கூடாது” என்றேன்.

“தம்பி, இங்கே எல்லாக் கட்டடத்திலும் அட்டைதானே” என்றார். தாயாரையும் பக்கத்தில் இருத்திக் கதைத்த பிறகே சம்மதித்தார்.

ரீடரை லிப்ட் பெட்டிக்குள், மாடிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பூட்டினோம். பெட்டியோடு ஏறி இறங்கும் தொங்கு கேபிளில் உபரியாக இருந்த இழைகள் வழியாக அதன் இணைப்பு மேலே போகிறது. வேறொரு சாதாரண கேபிளைச் சேர்த்துக் கட்டிவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். ஓயாமல் வளைந்து வளைந்து உள்ளே முறிந்துவிடும். மறிக்கும் மாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும். அட்டையைக் காட்டியதும் சில விநாடிகளுக்கு அந்த மாடிப் பொத்தான் வேலை செய்யும். இப்போதைய லிப்டுகள் பலவற்றில் பொத்தானுக்குத் தனித்தனி வயர் மேலே போவதில்லை. எல்லாம் ஒரு மின்சுற்றுப் பலகையில் சேர்ந்துதான் போகும். விளங்காமல் கை வைத்தால் பலகையே பழுதாகலாம். அதனால்தான் லிப்ட் நிறுவனத்தின் ஆள் வேண்டும் என்கிறேன். தீ எச்சரிக்கை வந்து லிப்ட் தானாகக் கீழிறங்கும்போது அட்டைக் கருவி எதையும் தடுக்கவில்லை என்பதையும் அவரைக் கொண்டே சோதியுங்கள்.

ரிலேயை எப்படி இணைப்பது என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அட்டைக் கருவிக்கு மின்சாரம் போனால் பொத்தான் எல்லோருக்கும் வேலை செய்ய வேண்டும். கரண்ட் நின்றால் பாதுகாப்பும் போய்விடுமே என்று இதைப் படிக்கும் சிலர் சொல்வார்கள். 2022 இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். கட்டடம் முழுவதும் இருண்டால் லிப்டே ஓடாது. நான் பயப்படுவது லிப்ட் ஓடிக்கொண்டிருக்க, கருவி மட்டும் செத்துப்போகும் நேரத்துக்கு. கார்த்திகை மழையில் மின்னல் தாக்கி அந்தக் கட்டடத்தில் அதுவே நடந்தது. கருவியின் பவர் சப்ளை எரிந்தது. எண்பதைத் தாண்டிய அந்த அம்மா கோயிலிலிருந்து வந்து, வழக்கம்போல் பொத்தானை அழுத்தி வீடு போய்ச் சேர்ந்தார். மகனோ, இரவு முழுவதும் மேல்மாடி திறந்து கிடந்தது என்று என்னோடு சண்டை பிடித்தார். வீட்டு வாசலில் நல்ல பூட்டு இருந்தது. அந்த இணைப்பை நான் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன்.

அந்த வாசல் பூட்டை நீங்களும் கைவிடாதீர்கள். மேல்மாடியில் நிற்பவர் லிப்டை அழைத்தால், உள்ளே அட்டையில்லாமல் நிற்பவரும் சேர்ந்தே மேலே வந்துவிடுவார். படிக்கட்டு வழியும் இருக்கிறது. ஆனால் உள்ளிருப்பவர் வெளியேற முடியாதபடி படிக்கட்டுக் கதவைப் பூட்டச் சொன்னால் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். கொழும்பிலிருந்து வருபவருக்குப் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டம் முடித்தவர்கள், அவர்களிடம் மட்டும் “நாலு வயர் முறுக்க இவ்வளவா?” என்று கேட்கிறார்கள். அவர்கள் கட்டாருக்குப் போன பிறகு ஊரில் வேலைக்கு ஆளில்லை என்று குறைப்படுகிறார்கள். மனம் நோகிறது.

அட்டை வாங்கும்போது 125 கிலோஹேர்ட்ஸ் வகையைத் தவிருங்கள்; மலிவான கருவியாலேயே அதைப் பிரதி எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறைகுறியாக்கமும் 2008 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்ஃபயர் வகை அட்டையைக் கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. வேலை முடிந்த அன்றே மென்பொருளின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கையில் வாங்கிவிடுங்கள். யாராவது அட்டையைத் தொலைத்தால் நீங்களே அதை நீக்கிவிடலாம்.