ஓடாத காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் அம்பாசிடர் இன்ஜினைக் கழற்றிக் கோவையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். 'இந்த வருஷத்திலேயே நல்ல நாள்' என்று வேறு. என் வீட்டுக்காரருக்கும் இதே பித்துதான். அவருடையது ஃபியட். ஞாயிறு காலை போனால் இருட்டிய பிறகு கருப்பு நகத்தோடு வருவார். அவினாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளோடு போனபோது எனக்கும் பிடித்திருந்தது. பளபளவென்று நிற்கிற காரைப் பார்ப்பது புரிகிறது. கார் ஓரடிகூட நகராத நாளில் என்ன சந்தோஷம்?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

நகராதது மட்டுமில்லை, அன்று கார் பட்டறைக்கு வரவேயில்லை. குட்டியானையில் ஏற்றிப் போனது வெறும் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் இரும்பு உடம்பை.

அந்தப் பட்டறையில் வார நாளெல்லாம் மோட்டார் பம்ப் வேலை. ஞாயிறு மட்டும் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு. பட்டறை அண்ணன் அளவுக்கருவி எதையும் முதலில் எடுக்கவில்லை. சிலிண்டருக்குள் விரலை விட்டு நகத்தை மேல்நோக்கி இழுத்தார். "வரப்பு நிக்குதுங்க, தொட்டுப் பாருங்க" என்றார். விளிம்புக்குச் சற்றுக் கீழே என் நகமும் தட்டி நின்றது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது ரிங், மேலே போய்த் திரும்புகிற இடம் அது. அங்கே எரிகிற வாயுவின் அழுத்தம் அதிகம், ஆயில் குறைவு. சுவர் தேய்ந்துவிடுகிறது. ரிங் எட்டாத பகுதி தேயாமல் வரப்பாக நின்றுவிடுகிறது. சில வருஷம் முன் வேறொரு இடத்தில் போர் பண்ணாமல், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்காமல், ரிங் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் மறுபடி புகை. ஏன் என்று அன்றைக்குத்தான் விரலில் உறைத்தது.

பிறகு சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை இறக்கினார். நீளவாக்கில் ஒரு கணக்கு, குறுக்குவாக்கில் வேறு கணக்கு. வட்டம் முட்டையாகியிருந்தது. அம்பாசிடர் சிலிண்டரின் விட்டம் இரண்டேமுக்கால் அங்குலமும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இருபது தௌ கூட்டிப் போர் பண்ணலாம் என்றார். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் வைத்திருக்கும் நண்பர் அங்கேயே கணக்குப் போட்டு, "1489 சிசி 1510 ஆயிரும், இனி உங்களைப் பிடிக்க முடியாது" என்றார். கூட இருந்த ஒரு ஃபியட்காரர் சும்மா இருப்பாரா? அம்பாசிடர் என்றால் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் வண்டி என்ற பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். (உங்கள் வீட்டுக்காரராக இருக்குமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.) டீ மூன்று முறை வந்தது, சண்டை தீரவில்லை.

வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வராது, தெரியுமா? பொடிப்பொடியாகக் கொட்டும். கரிப்பொடி மாதிரி இருக்கும். கருவி இறங்க இறங்கக் கருத்த சுவருக்குள் வெள்ளி நிறம் வந்துகொண்டே இருந்தது. நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். போரிங் முடிந்ததும் மண்ணெண்ணெய் விட்டு ஹோனிங், அதாவது சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்ப்பது. குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கோடுகள் விழுந்தன. வழவழவென்று இருந்தால் ஆயில் நிற்காது, அந்தக் கோடுகளில்தான் தங்கும்.

நாலு பிஸ்டனையும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் அளந்து, தலையில் எண் போட்டு, அந்தந்த பிஸ்டனுக்குத்தான் அந்தந்தச் சிலிண்டரை வெட்டியிருந்தார். எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை, பிறகு எதற்கு என்று கேட்டேன். "பெட்டி மேல எழுதியிருக்கறதை நம்பி வெட்ட முடியுங்களா?" என்றார். கடைசியில் ரிங் மாட்டாத முதல் பிஸ்டனுக்கு ஆயில் தடவிச் சிலிண்டர் வாயில் வைத்துக் கையை எடுத்தார். அது விழவும் இல்லை, சிக்கவும் இல்லை. மெதுவாக, தன் எடையிலேயே இறங்கியது. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை, கையைத் துடைக்கப் போய்விட்டார். ஹெரால்டுக்காரர் மட்டும் "இன்னொரு வாட்டி விடுங்கண்ணா" என்று சின்னப் பையன் போலக் கேட்டார். நாலாவது பிஸ்டன் வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, நகத்துக்கு வழி சொல்கிறேன். அந்தக் கருப்பு வெறும் சோப்புக்குப் போகாது. முதலில் தேங்காயெண்ணெயும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், அப்புறம் சோப்பு.