பாட்டி ஊர் ஜெர்சி

கேள்வி: பசிபிக் நாடுகள் மோதும் பசிபிக் சாம்பியன்ஷிப் ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) பார்த்தேன். டோங்கா என்ற குட்டித் தீவு நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம்தான். ஆனால் அணியில் ஆடுகிறவர்கள் நிறைய பேர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வளர்ந்தவர்களாமே, இது நியாயமா?

பதில்: என்னைக் கேட்டால், முழுக்க நியாயம். பிழைப்புத் தேடி ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது அந்த மண்ணில் பிறந்திருந்தால் ஆடலாம் என்று விதியே சொல்கிறது. ரொம்ப காலம் இவர்களில் கெட்டிக்காரர்களைப் பெரிய நாடுகள் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் தீவுக்கு. 2017 உலகக் கோப்பைக்குக் கொஞ்ச நாள் முன்பு அது உடைந்தது. நியூசிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த ஜேசன் டௌமலோலோவும், ஆஸ்திரேலியாவுக்கு ஆடியிருந்த ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவும் டோங்காவுக்குத்தான் ஆடுவோம் என்று வந்துவிட்டார்கள். ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக இடைவேளையில் 2-16 என்று பின்தங்கியிருந்த அதே டோங்கா, 28-22 என்று ஜெயித்தது.

அப்புறம் அரையிறுதி. இங்கிலாந்து 20-0 என்று முன்னிலை, மிச்சம் ஏழெட்டு நிமிடம்தான். டோங்கா வரிசையாக மூன்று ட்ரை (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது) போட்டு 20-18க்கு வந்துவிட்டது, ஆக்லாந்து மைதானம் முழுக்கச் சிவப்புக் கொடி. கடைசி நொடிகளில் ஃபிஃபிட்டா அந்த எல்லைக் கோடு பக்கம் பாய்கிறார், பின்னாலிருந்து ஒருவர் பிடிக்கிறார், பந்து கை நழுவுகிறது. அந்தப் பந்தை மட்டும் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தியிருந்தால் இறுதிப் போட்டி. இன்னும் எனக்கு ஆறவில்லை! 2019-ல் ஈடன் பார்க்கில் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று தோற்கடித்தார்கள், அது கொஞ்சம் ஆறுதல்.

கேள்வி: எப்படியும் பசிபிக் சாம்பியன்ஷிப் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குத்தானே போகும்?

பதில்: இல்லை. 2023-ல் இந்தப் பெயரில் தொடங்கிய முதல் வருடமே இறுதியில் நியூசிலாந்து 30-0 என்று அவர்களைச் சுருட்டிவிட்டது. 2024-ல் ஆஸ்திரேலியா ஜெயித்தது, ஆனால் டோங்காவிடம் 20-14 என்று போராடித்தான். 2025-ல் ஆஸ்திரேலியா இங்கிலாந்து சுற்றுப்பயணம் போய்விட்டதால், இறுதியில் நியூசிலாந்து சமோவாவை 36-14 என்று வென்றது.

எனக்கு ஒரே குறை, ஃபிஜி, பப்புவா நியூ கினி, குக் தீவுகள் மூன்றையும் கீழ்ப் பிரிவில் தனியாக வைத்திருப்பதுதான். பப்புவா நியூ கினியில் ரக்பி லீக்தான் தேசிய விளையாட்டு, தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் ஆட்டம் என்றால் ஊரே திரண்டு வரும். 2028-ல் அந்த நாட்டு அணி ஒன்று ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடரான என்ஆர்எல்லிலும் சேரப்போகிறது. அப்படிப்பட்ட ஊருக்கு ஆஸ்திரேலியாவும் டோங்காவும் கோப்பைக்காக வந்து ஆட வேண்டாமா? ஒரே பிரிவாக்கி நடத்தட்டும், நான்கு வாரம் கூடுதலானாலும் உட்கார்ந்து பார்க்க நான் தயார்.