‘சீட்’ கொடுக்காத கட்சிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் தேர்தல் முறை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: அமெரிக்கக் கட்சிகளில் ‘சீட்’ கொடுப்பவர் யார்? விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் அங்கும் உண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ‘சீட்’ கொடுப்பவர் என்று ஒருவர் அங்கு இல்லை. அந்த நாட்டு அரசியலில் நமக்குக் குழப்பம் தரும் பல செய்திகளுக்கு இதுவே திறவுகோல். ஒரு தொகுதியில் கட்சியின் வேட்பாளராக நிற்க விரும்புபவர், தலைமை அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுப் பட்டியல் வெளியாகும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. மாநிலச் சட்டப்படி வாக்காளர்களின் கையொப்பங்களைத் திரட்டியோ, கட்டணம் செலுத்தியோ, ‘பிரைமரி’ எனப்படும் முதற்கட்டத் தேர்தலில் இறங்கித் தம் கட்சிக்காரர்களுடனேயே மோதுகிறார். அதில் வாக்களிப்பவர்கள் பொதுக்குழு உறுப்பினர்கள் அல்லர், சாதாரண வாக்காளர்கள். சில மாநிலங்களில், வாக்காளராகப் பதிவு செய்யும்போதே இன்ன கட்சி என்று குறிப்பிட்டவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும். வேறு சில மாநிலங்களில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்குவது என்பதை வாக்குச்சாவடிக்குப் போன பிறகுகூட முடிவு செய்துகொள்ளலாம். உறுப்பினர் அட்டையும் சந்தாவும் இதற்குத் தேவையில்லை.

பெரிய தலைகள் இதில் உருண்டிருக்கின்றன. 2014 ஜூனில், நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் சபாநாயகருக்கு அடுத்த நிலையில் இருந்த குடியரசுக் கட்சியின் எரிக் கேன்டர், வர்ஜீனியாவில் தம் சொந்தத் தொகுதியின் பிரைமரியில், நாடு அதுவரை அறிந்திராத பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரிடம் தோற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில், பத்து முறை வென்றிருந்த ஜனநாயகக் கட்சியின் ஜோ குரோலியை, மதுக்கூடத்தில் வேலை பார்த்துவந்த 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வீழ்த்தினார். கட்சித் தலைமை அவரை நிறுத்தவும் இல்லை. நிற்காமல் தடுக்க அதற்கு வழியும் இல்லை.

அதிபர் வேட்பாளர் விஷயத்தில் இது பிற்பாடு வந்த பழக்கம். 1968-ல் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலே, கட்சிப் பிரமுகர்களின் ஆதரவைக்கொண்டு, சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். மாநாட்டு அரங்குக்கு வெளியே, வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள் போலீஸிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பில் விதிகள் திருத்தப்பட்டு, மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்யும் பேராளர்களில் பெரும்பாலோரைப் பிரைமரி முடிவுகளே தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது.

கேள்வி: அப்படியானால் 2024-ல் கமலா ஹாரிஸ் பிரைமரியில் நிற்காமலே வேட்பாளரானது எப்படி? எங்கள் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கோயிலில் பூசையெல்லாம் செய்தோம்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அந்த ஆண்டுப் பிரைமரிகளில் வென்றவர் ஜோ பைடன். ஆனால், அந்த வெற்றியால் ஒருவருக்குக் கிடைப்பது பேராளர்களின் ஆதரவுதான். பேராளர்களோ மனிதர்கள், எண்கள் அல்லர். ஜூலை 21 அன்று பைடன் விலகியதும் அவர்கள் யாரையும் ஆதரிக்கும் உரிமை பெற்றார்கள். மாநாடு கூடுவதற்கு முன்பே இணையவழியில் நடந்த வாக்கெடுப்பில் ஹாரிஸை ஏறத்தாழ ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஹம்ப்ரிக்குப் பிறகு இப்படி வேட்பாளரானவர் அவர் ஒருவரே. அவரை ஏற்றுக்கொண்ட மாநாடும் அதே சிகாகோவில்தான் நடந்தது.

கேள்வி: நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவர் தோற்றுப்போகலாம் என்பதை என் பேரனுக்கு விளக்க முடியாமல் திணறினேன். நீங்களாவது விளக்குங்கள்.
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: நாடு முழுவதற்குமான ஒரே தேர்தல் என்று எண்ணுவதால்தான் திணறல். நடப்பவை 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக 51 தேர்தல்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் எண்ணிக்கையோடு மேலவையான செனட்டின் உறுப்பினர் இருவரையும் சேர்த்து, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ‘தேர்வாளர்கள்’ அத்தனை பேர் உண்டு; வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538. அதில் 270 கிடைத்தவர் அதிபர்.

சிறிய மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் என்பதால் கணக்கு சாய்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கலிஃபோர்னியாவில் சுமார் 3.95 கோடிப் பேர், 54 தேர்வாளர்கள்; வயோமிங்கில் 5.77 லட்சம் பேர், 3 தேர்வாளர்கள். வகுத்துப் பார்த்தால், கலிஃபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர், வயோமிங்கில் 1.9 லட்சம் பேருக்கு ஒருவர். பத்திரிகைகள் பெரும்பாலும் இதைத்தான் குறை கூறுகின்றன. என் பார்வையில் இதைவிடப் பெரிய காரணம் வேறு. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த 48 மாநிலங்களில், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேருகிறார்கள். 2020-ல் டிரம்ப் மிக அதிக வாக்குகளைப் பெற்ற மாநிலம் எது என்று பேரனைக் கேட்டுப் பாருங்கள். டெக்சாஸ் என்பான். கலிஃபோர்னியா! அங்கே அவருக்கு விழுந்தவை 60 லட்சம் வாக்குகள். கிடைத்த தேர்வாளர் ஒருவருமில்லை. மறுபுறம், 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சம் வாக்குகளுக்கு மேல் முந்தியிருந்தும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் பின்தங்கியதால் தோற்றார். அதனால்தான் வேட்பாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்தது இதன் உச்சம். பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அப்போது வாக்குச்சீட்டு ஓர் அட்டை. வேட்பாளருக்கு நேராக ஊசியால் குத்தித் துளையிட வேண்டும். சரியாகக் குத்தாத அட்டைகளில் காகிதத் துணுக்கு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கியது, சிலவற்றில் வெறுமனே புடைத்து நின்றது. அதிகாரிகள் அட்டையை ஒவ்வொன்றாக விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கண்ணை உருட்டிப் பார்த்து, வாக்காளரின் மனத்தில் இருந்தது என்ன என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுஎண்ணிக்கையை நிறுத்தியபோது, சுமார் 60 லட்சம் வாக்குகளில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் வென்றிருந்தார்.

கேள்வி: தேர்தல் ஆணையம் என்ன செய்துகொண்டிருந்தது?
– வழக்கறிஞர், சேலம்

பதில்: வாக்குப்பதிவை நடத்தும் தேசிய ஆணையம் அங்கு கிடையாது. வாஷிங்டனில் ‘கூட்டாட்சித் தேர்தல் ஆணையம்’ ஒன்று இருக்கிறது. அது தேர்தல் நிதிக் கணக்குகளை மட்டுமே பார்க்கிறது. உறுப்பினர் இடங்கள் ஆறு, ஒரு கட்சிக்கு மூவருக்கு மேல் கூடாது, எந்த முடிவுக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். எனவே அது முட்டிக்கொண்டு நிற்பது வாடிக்கை. வாக்குப்பதிவையும் எண்ணிக்கையையும் நடத்துபவை மாநிலங்களும், அவற்றின் கீழுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளும். பல மாநிலங்களில் இதற்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர், தாமே கட்சியின் பெயரில் தேர்தலில் வென்று வந்தவர். 2000-ல் ஃபுளோரிடாவின் முடிவுக்குச் சான்றளித்த கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ் பிரசாரக் குழுவின் இணைத்தலைவர். 2018-ல் ஜார்ஜியாவின் ஆளுநர் தேர்தலில் (அங்கு ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்) போட்டியிட்ட பிரையன் கெம்ப், வாக்குப்பதிவு நாளன்றும் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளராகவே இருந்தார். இங்கே நினைத்துப் பார்க்கவும் முடியாத ஏற்பாடு இது. வழக்கறிஞரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: அங்கே வாக்குப்பதிவு ஏன் எப்போதும் செவ்வாய்க்கிழமை?
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: 1845-ஆம் ஆண்டுச் சட்டம். நவம்பரில் அறுவடை முடிந்திருக்கும். ஞாயிறு தேவாலயம், புதன் சந்தை. குதிரை வண்டியில் வந்துசேர இடையில் ஒரு நாள் வேண்டும். வண்டி போய்விட்டது, கிழமை மாறவில்லை.

கேள்வி: வேட்பாளர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
– சிறு வணிகர், ஈரோடு

பதில்: கட்சி கொடுத்தனுப்பும் என்று காத்திருக்க முடியாது, பெரும்பகுதியை அவரவரே திரட்ட வேண்டும். 2024-ல் தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர் வரை கொடுக்கலாம். பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனிக் கணக்கு. அரசுக் கட்டடத்துக்குள் நன்கொடை கேட்பது குற்றம் என்பதால், உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேறி, அருகிலுள்ள தம் கட்சி அலுவலகத்தில் சிறிய தடுப்பறைகளில் அமர்ந்து, கையில் பெயர்ப்பட்டியலுடன் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. 2010-ல் உச்ச நீதிமன்றம், வேட்பாளருடன் கலந்துகொள்ளாமல் தனியாகச் செய்யப்படும் பிரசாரச் செலவுக்கு, நிறுவனங்கள் செய்தாலும் சரி, தொழிற்சங்கங்கள் செய்தாலும் சரி, வரம்பு விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் முளைத்த ‘சூப்பர் பேக்’ குழுக்கள் எவ்வளவும் வாங்கலாம், எவ்வளவும் செலவிடலாம். வேட்பாளரின் பழைய உதவியாளரே அந்தக் குழுவை நடத்துவதும் உண்டு. ‘கலந்துகொள்ளாமல்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அங்கே கொறடா உத்தரவை மீறினால் பதவி போகுமா?
– அரசு ஊழியர், திருநெல்வேலி

பதில்: கொறடா உண்டு, கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. 2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கும் மசோதா செனட் வாக்கெடுப்பில் இருந்தது. மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்த குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் அவையின் முன்பகுதிக்கு நடந்து வந்து, வலக்கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பினார். செனட்டில் அவருடைய கட்சி அணிக்குத் தலைவரான மிட்ச் மெக்கனல் சில அடி தூரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். 49-க்கு 51 என்று மசோதா தோற்றது. மறு ஆண்டு இறக்கும்வரை மெக்கெய்ன் கட்சியிலும் இருந்தார், செனட்டின் இராணுவக் குழுத் தலைவராகவும் இருந்தார்.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. வயோமிங்கின் ஒரே பிரதிநிதியான லிஸ் செனி 2021-ல் டிரம்பைப் பதவிநீக்கும் தீர்மானத்தை ஆதரித்தபோது, சக உறுப்பினர்களால் அவரிடமிருந்து பறிக்க முடிந்தது அவை அணியில் அவர் வகித்த மூன்றாம் நிலைப் பொறுப்பை மட்டுமே. உறுப்பினர் பதவியையோ, மறுபடி போட்டியிடும் உரிமையையோ அவர்களால் தொட முடியவில்லை. 2022 ஆகஸ்டில் அவர் மீண்டும் பிரைமரியில் நின்றார். அவருடைய மாநிலத்தின் வாக்காளர்கள் 29 சதவீத வாக்குகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.