காலையில் பார்த்தது மதியத்துக்குச் செல்லாது

வாசகர் கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் திருவிழாப் பணி பார்த்து ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். மதியம் அன்னதானமும் உண்டு. போன வருஷம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கு என்று மறுநாள் கேள்விப்பட்டோம். பாத்திரமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. எங்கே தவறு நடந்திருக்கும்?
– ஒரு வாசகர், மதுரை

தம்பி, பாத்திரம் இருக்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது? உங்கள் கேள்வியில் அது இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம், ஒரு அம்மன் கோயில் திருவிழா. காலை ஆறு மணிக்கே எல்லாத் தொட்டியிலும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோ டோலிடின் சொட்டு விட்டால், குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாக மாறும். இல்லாத தண்ணீர் அப்படியே நிற்கும். எல்லாத் தொட்டியிலும் நல்ல மஞ்சள். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பத்து மணிக்குள் தேரடித் தொட்டி காலி. ஜனங்கள் தாகத்தோடு நிற்கிறார்களே என்று யாரோ நல்ல மனசோடு தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை டிராக்டரில் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் ராத்திரி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாய் விரிக்க இடமில்லை. ஒரு பாட்டிக்குக் கண் குழிவிழுந்திருந்தது. புறங்கைத் தோலைப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் நான் பணி பார்த்த எந்தத் திருவிழாவிலும், தொட்டி நிரம்பும் ஒவ்வொரு முறையும் சோதிக்காமல் குழாயைத் திறக்க விட்டதில்லை.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். பொட்டலம் புதிதாக இருக்கட்டும். பிரித்து வைத்த பவுடரில் வீரியம் போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். திருவிழா நேரத்தில் குழாயடியில் 0.5 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம், குளோரின் இருப்பது நல்லது. உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொன்னால் அவரே வந்து பார்த்துக் கொடுப்பார். அது அவருடைய வேலை, தயங்காமல் கேளுங்கள்.

மோருக்கு வருவோம். மோரில் கலந்தவுடன் குளோரின் தன் வேலையை இழந்துவிடும். அதனால் முதலில் தண்ணீரைச் சரிசெய்து, அப்புறம்தான் மோரில் சேர்க்க வேண்டும். ஐஸ் பாளம் போடுகிறீர்களா? மீன் வண்டிக்குப் போகும் பாளமும் பந்தலுக்கு வரும் பாளமும் பல ஊர்களில் ஒரே இடத்தில் செய்வதுதான். சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து, சுத்தியலால் உடைத்து மோரில் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஐஸே வேண்டாம், மண்பானை போதும். இன்னொன்று, டம்ளரை அண்டாவுக்குள் விட்டு மொள்ளக் கூடாது. குழாய் வைத்த அண்டா வாங்குங்கள், இல்லையென்றால் நீளக் காம்புள்ள அகப்பையோடு ஒரே ஆள் நின்று ஊற்றட்டும்.

சாப்பாட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது தேங்காய்ச் சட்னியையும், விடியற்காலையில் வடித்துக் கொட்டி மூடிவைத்த வெறும் சாதத்தையும். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் பெருகும், மறுபடி சூடு பண்ணினாலும் அதன் நஞ்சு போகாது. ஒரே தடவையாகச் சமைக்காமல் இரண்டு மூன்று ஈடாக வடியுங்கள். புளியோதரை தாங்கும். கையில் புண்ணோ கட்டியோ உள்ளவரும், இரண்டு நாளைக்குள் பேதியானவரும் அடுப்படிக்கு வர வேண்டாம். அவர் பந்தலில் வேறு வேலை செய்யட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் அன்னதானத்தைப் பதிவு செய்துவிட்டு, ஒவ்வொரு பண்டத்திலும் கொஞ்சம் எடுத்து ஒரு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருங்கள். ஏதாவது நடந்தால் காரணம் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பௌர்ணமி கிரிவலம் போக வேண்டும் என்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

அவருடைய டாக்டர் சரி என்றால் கூட்டிப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடான தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்ததே தெரியாமல், மறுநாள் புண்ணோடு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கெட்டியான காலுறை போட்டு நடக்கட்டும், சாமி கோபிக்காது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக நடக்கக் கூடாது. மடியில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

ஒரு விஷயம் அம்மாவிடம் நேராகவே கேளுங்கள்: தண்ணீர் குடிப்பாரா? கூட்டத்துக்கு வரும் பெண்களில் பலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயம். மயங்கி விழுந்த எத்தனையோ பெண்கள் என்னிடம் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் கழிப்பறை குறைவாக இருக்கும் இடத்தில் எத்தனை தண்ணீர்ப் பந்தல் வைத்தும் பயனில்லை என்று நான் கூட்டங்களில் சலிக்காமல் சொல்லி வந்தேன். வழியில் கழிப்பறை எங்கெங்கே என்று விசாரித்து அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

வெயிலை எளிதாக எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயில்கூட இல்லை.

கேள்வி: ஹஜ் பயணத்துக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்கிறார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லையே?
– ஒரு வாசகர், கீழக்கரை

உங்களுக்கு நோய் இல்லாமலே அந்தக் கிருமி தொண்டையில் இருக்கலாம், ஐயா. 2000ஆம் ஆண்டு ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் வழியாக டபிள்யூ-135 என்ற வகை பல நாடுகளுக்குப் போனது. பயணமே போகாத, வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த வகையையும் சேர்த்து அந்தக் கிருமியின் நான்கு வகைக்குமான ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். சவூதி போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். உங்களுக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் பேரக்குழந்தைகளுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் போகவும் வேண்டாம். 2024 ஹஜ்ஜில் 1,300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பதிவு செய்யாமல் வந்து, ஒதுங்க நிழலின்றி வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசே சொன்னது.

கேள்வி: நெரிசல் சாவுகளைப் பார்க்கும்போது, நம் ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது என்றுதானே தோன்றுகிறது?
– ஒரு வாசகர், சேலம்

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் சியோல் நகரில், இட்டேவோன் என்ற இடத்தில் ஒரு சரிவான குறுகிய சந்தில் 159 பேர் இறந்தார்கள். அவர்கள் ஒழுங்கு தெரியாதவர்களா? ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் என்றால் நகரலாம். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாரும் தன் காலால் நடக்க முடியாது, கூட்டமே அலைபோல ஆளைத் தூக்கிப் போகும். மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016 மகாமகத்துக்கு வந்தவர்களும் அதே நம் ஜனங்கள்தான். பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாளும் பரவலாக வந்து நீராடினார்கள். கூட்டம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் குவியாமல் செய்வது ஏற்பாட்டாளர் கையில் இருக்கிறது.

நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டால், இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் போல மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள், மூச்சுவிட அந்த இடம் வேண்டும். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓயும் இடைவெளியில் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனிய வேண்டாம். அக்கம்பக்கத்தவர் தோள் இரண்டு பக்கமும் உங்கள் மேல் அழுத்த ஆரம்பித்தாலே வெளியேறும் நேரம் வந்துவிட்டது, அதற்கு மேல் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்துக்குள் போகவே வேண்டாம்.