அப்பாவின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

பக்கவாதம் வந்து மூன்று மாதமான அப்பாவுக்கு, இறுகிய விரல்களைப் பிரித்துவிடும்போது தோள் வரை வலிக்கிறது, பயிற்சியை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம், முறையை மாற்றுங்கள். இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகும், அதனால் விரல் நுனியைத் தொடாமல் முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து மெல்ல வெளியே கொண்டுவாருங்கள், மற்ற விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். என் அம்மாவுக்கு இப்படித்தான் செய்தேன்.

அப்புறம் அந்தத் தோள். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்துத் தூக்குகிறீர்களா? வலுவிழந்த தோள்மூட்டு அதிலேயே கீழே நழுவிவிடும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள், உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். இந்த வாரமே பிசியோதெரபிஸ்ட்டிடம் தோளைக் காட்டிவிடுங்கள்.