பதில்: டிஒய்175 சூடானதும் ஐடிலில் அலறுகிறது

வணக்கம் தம்பி. உங்கள் பழைய யமாஹா டிஒய்175 டிரையல்ஸ் (கரடுமுரடான தடத்தில் ஓட்டும்) வண்டியில், கார்புரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்தும், சூடானதும் ஐடிலில் ஆர்பிஎம் (எஞ்சின் வேகம்) ஏறி, பிறகு இறங்கவில்லை என்கிறீர்கள். கார்புரேட்டரை விடுங்கள். பல வருடம் சும்மா நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் வளையம்) காய்ந்து காற்றை இழுக்கும். காற்று கூடி பெட்ரோல் கலவை மெலியும், அதனால் ஆர்பிஎம்மும் சூடும் ஏறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். பட்டர்வொர்த்தில் நான் அப்படி ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்திருக்கிறேன்.

மேக்னட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) பக்க சீலை முதலில் பாருங்கள். மேக்னட்டைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்துக் கழற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். வெள்ளைப் புகையோடு கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்க சீலும் போயிருக்கும். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

அப்புறம், கோலாலம்பூரில் நீங்கள் விற்ற புது டிரையல்ஸ் வண்டியின் டிஸ்க் பிரேக்கை மறந்துவிடுங்கள். டிஒய்175-இல் இருப்பது டிரம் பிரேக், அதிலும் நனைந்தால், சரிவில் கேட்டபோது நிற்காது. வண்டிக்குக் கிராண் (வாகன உரிமைப் பதிவு ஆவணம்) இருக்கிறதல்லவா? சேஸிஸ் எண்ணை அதோடு ஒப்பிட்ட பிறகு பெயின்டுக்குப் பணம் போடுங்கள்.